அவஸ்தி மைக் முன் உட்கார்ந்த குளிர்காலம்

நவம்பர் 9, கான்பூர்

ரேடியோ நிலைய டைரக்டர் மாத்துர் கூப்பிட்டு அனுப்பினார். வரப்போகும் டெஸ்ட் ஆட்டத்தில் மணிக்குப் பதினைந்து நிமிடம் இந்தியில் வர்ணனையாம். வெட்டு என் நேரத்தில்தான். பதினான்கு வருடமாக ஆங்கிலத்தில் சொல்லி வருகிறவன் நான்.

பேசப்போகிறவர் சிவமங்கல் அவஸ்தி. பஞ்சாலைப் பள்ளியில் டிரில் மாஸ்டர். ஆலைகளுக்கிடையே நடக்கும் பந்தயங்களில் ஒலிபெருக்கி பிடித்துக் கத்துகிறவராம்.

"கிரிக்கெட்ட இந்தியில சொன்னா கல்யாண மந்திரம் மாதிரி இருக்கும் சார்" என்றேன். மாத்துர் சிரித்தார். உத்தரவை மாற்றவில்லை.

நவம்பர் 16

அவஸ்தியைப் பார்த்தேன். என் வயதுதான், நாற்பத்திரண்டு. பான் கறை பல். குலுக்கக் கையை நீட்டினேன், கும்பிட்டார்.

"நிகம் சாப், உங்க குரலக் கேட்டுத்தான் எனக்கு இந்தப் பைத்தியமே பிடிச்சுது. பாதி வார்த்தை புரியாது. ஆனா நீங்க மூச்ச இழுத்தா விக்கெட் போச்சுன்னு தெரிஞ்சுக்குவேன்."

நன்றி என்றேன். ஆங்கிலத்தில்.

நவம்பர் 24

பண்டிதர்கள் யாரோ உருவாக்கிய சொல்பட்டியல் ஒன்றை மாத்துர் கொடுத்தார். எல்லாம் சமஸ்கிருதம். எல்.பி.டபிள்யூவுக்கு உள்ள சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் அவுட்டானவன் குளித்துவிட்டு வந்துவிடுவான்.

"இதப் பேசினா ஜனங்க ரேடியோவுக்கு ஊதுபத்தி காட்டுவாங்க சார், கேக்க மாட்டாங்க" என்றார் அவஸ்தி.

"பட்டியல்ல இருக்கறதப் பேசுங்க. முடியலன்னா பள்ளிக்கூடம் இருக்கவே இருக்கு" என்றார் மாத்துர்.

அவஸ்தி அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் 14

முதல் நாள் ஆட்டம்.

காலையில் பட்டியலைப் பார்த்துத்தான் பேசினார். பரிதாபம். அவர் சொல்லைத் தேடி எடுப்பதற்குள் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டித் திரும்பியும் வந்துவிட்டது. வியர்த்துக் கொட்டியது மனிதருக்கு, டிசம்பர் குளிரில்.

உணவு இடைவேளைக்குப் பிறகு பட்டியலைக் கவிழ்த்துவைத்தார். கண்ணை மைதானத்தை விட்டு எடுக்கவில்லை.

"ஓடி வர்றான்... பந்து வருது, தோள்லேருந்து நழுவுற துப்பட்டா மாதிரி வெளிய போகுது... தொடாதே ராஜா, விட்டுடு... ஐயோ, தொட்டுட்டான்!"

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் 'ஓ'வென்று ஒரு கூச்சல். டிக்கெட் வாங்க முடியாத ஆலைத் தொழிலாளிகள், ஒரு டிரான்சிஸ்டரைச் சுற்றி ஐம்பது அறுபது பேர். என் பதினான்கு வருடத்தில் மதிலுக்கு வெளியே யாரும் கத்தியதில்லை.

எனக்குப் புல்லரித்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து அதே பந்தைத்தான் நானும் பார்த்தேன். அவர் சொன்ன பிறகுதான் பார்த்த மாதிரி இருந்தது.

தேநீர் வேளையில் மாத்துர் வந்தார். முகம் சிவந்திருந்தது. "நாளைக்கு நீங்க வர வேண்டாம்."

"சரி சார்." பையை எடுத்துக்கொண்டு அவஸ்தி இறங்கிப் போனார். நான் வாயே திறக்கவில்லை. ஏன்?

வீட்டுக்கு வந்ததும் மனைவி குசும் கேட்டாள்: "ஏங்க, அந்த இடதுகைப் பையனுக்கு விரல்ல அடிபட்டுச்சே, நாளைக்கு ஆடுவானா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"அவஸ்திஜி சொன்னாரே."

அவளுக்கு ஆங்கிலம் ஒரு எழுத்து தெரியாது. ஆனாலும் நான் பேசும் நாளெல்லாம் ரேடியோவை வைத்திருப்பாள். புரியாததை ஏன் கேட்கிறாய் என்றேன்.

"உங்க குரல்தானே. சளி பிடிச்சிருக்கா, சாப்பிட்டீங்களா, அதெல்லாம் தெரியும்ல."

பதினான்கு வருடம். அவளுக்கு நான் ஒரு பந்தைக்கூடக் காட்டவில்லை.

டிசம்பர் 15

காலை ஒன்பதுக்கே மாத்துர் அறைக்குப் போனேன். "அவஸ்தி இல்லன்னா நானும் இல்ல சார்."

"பைத்தியமா நிகம் உங்களுக்கு? உங்க நேரத்தத் தின்ன வந்தவன் அவன்!"

"தின்னட்டும்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். வேலை போனால்? இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் பேச மாத்துருக்கு வேறு ஆளில்லை. ஆட்டம் தொடங்கக் கால் மணி இருக்கையில் பள்ளிக்கு ஜீப் போயிற்று.

சட்டையில் சாக்பீஸ் தூளோடு ஓடி வந்தார் அவஸ்தி. ஒன்றும் கேட்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்து ஒரு பான் நீட்டினார். நான் பான் போடுவதில்லை. போட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 19

ஆட்டம் டிரா. அவஸ்திக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஜனவரி 6

நிலையத்தில் தபால் கார்டுகள் குவிந்திருக்கின்றன. எல்லாம் இந்தி வர்ணனையைப் பற்றி. மாத்துரே சத்தம் போட்டுப் படித்துக் காட்டுகிறார், தானே கண்டுபிடித்தவர் போல. தில்லி டெஸ்டில் அவஸ்திக்குப் பாதி நேரம்!

பிப்ரவரி 11, தில்லி

மூன்று நாள் முன் அவஸ்தியிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி இந்தியில் பேசினேன். இன்று குசுமின் கடிதம் வந்தது.

'உங்களுடையதைக் கேட்டேன். வேகமாகப் பேசுகிறீர்கள். அவஸ்திஜி மாதிரி இல்லை. ஆனால் அந்த ரன் அவுட்டின்போது அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.'

அவஸ்தியிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "அண்ணி சொல்றது சரிதான், கொஞ்சம் நிறுத்திப் பேசுங்க" என்றார்.

மத்தியானத்துக்குப் பத்து நிமிடம் கேட்டிருக்கிறேன்.