தூக்கிவர முடியாத ஆதாரம்

அம்மா,

இன்று காலை உங்கள் மகள் அனுப்பிய தேயிலைப் பொட்டலத்தைப் பிரித்தேன். கோவிந்தாபுரத்து வெயிலில் என் வீட்டுச் சமையலறை முழுக்கப் பீர்மேட்டு வாசம். உள்ளே ஒரு சீட்டு: "அம்மா போன மாசம் தவறிட்டாங்க சார். நம்ம மலையிலேயே அடக்கம் பண்ணிட்டோம்." அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நான் அங்கே, கேரளத்துப் பீர்மேட்டில், வில்லேஜ் ஆபீசராக இருந்தபோது, இடுப்பில் கட்டிய படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல், கொளுந்து பறித்த கையோடு வந்து நின்றீர்கள். மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்திருந்தது. இந்த ஊர்க்காரி என்ற சான்றிதழ் இரண்டு நாளில் வேண்டும், இல்லாவிட்டால் சீட் போய்விடும். நானோ பட்டா, பத்திரம் என்றால் உயிரை விடுகிற கிழக்குப் பாலக்காட்டு விவசாயி வீட்டுப் பிள்ளை. "ஏனுங்கம்மா, தமிழ்நாட்டுல உங்களுக்குச் சொந்த ஊரு எதுங்க?" என்று கேட்டுத் தொலைத்தேன். கேட்டவனும் கேரளத்துத் தமிழன்தான், அதைச் சொல்லுங்கள்!

"இதான் சார் ஊரு."

"அதுக்கு ஆதாரம் வேணுமுங்களே. பட்டா ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"லயத்து வீடு கம்பெனிக்காரன் வீடு. எங்களுக்கு ஏது பட்டா? ஆதாரம் இருக்கு சார். ஆனா தூக்கிட்டு வர முடியாது. நீங்கதான் வரணும்."

சவடால் என்று நினைத்துக்கொண்டேதான் ஜீப்பில் ஏறினேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே மூச்சு வாங்க நடத்தி, உச்சியில் இருந்த கல்லறைத் தோட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். புல்லை விலக்கி, வீட்டு ஆட்களை அறிமுகப்படுத்துவதுபோல, "இது எங்கப்பா. இது தாத்தா, நாடு சொதந்தரம் வாங்குறதுக்கு முன்னாடியே இங்க வந்தவரு" என்றீர்கள். பிறகு கீழே கையை நீட்டி, "அந்தா தெரியுதுல்லா, அந்தச் சரிவு பூராவும் இவங்கல்லாம் காடு வெட்டி நட்டது."

மேகம் விலகியிருந்தது. மலைக்குப் பின்னால் மலை, கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை. அம்மாடி! அதுவரை அதை எஸ்டேட் என்றுதான் பார்த்திருந்தேன். அத்தனை செடிக்கும் ஒருவர் குனிந்து குழி தோண்டியிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. என்னை அறியாமல் செருப்பைக் கழற்றினேன். எங்கள் வீட்டுப் பத்திரப் பெட்டியை நினைத்து வெட்கமாக இருந்தது.

இறங்கும்போது சொன்னீர்கள்: "சொதந்தரம்னா பெருசா என்ன சார்? நீ எங்கேருந்து வந்தேன்னு ஒருத்தன் கேக்காம இருக்கணும். அம்புட்டுதான்."

நேரில் விசாரித்தேன் என்று எழுதி, மறுநாளே மகளுக்குச் சான்றிதழ் கொடுத்தேன். அதிலிருந்த ஊர்ப்பேரை நீங்கள் விரலால் தடவிப் பார்த்தீர்கள். பிறகு தயங்கித் தயங்கி, "எனக்கும் ஒண்ணு எழுதித் தருவீங்களா சார்?"

"உங்களுக்கு எதுக்குங்க?"

"ஒண்ணுக்கும் இல்ல. சும்மா வெச்சிருக்கத்தான்."

நோக்கம் எழுதாமல் தர விதியில்லை என்றேன். மலையையே பார்த்துவிட்டு வந்த பிறகும் அப்படிச் சொன்னேன், பாவி! "சரி சார், பரவால்ல" என்று சிரித்துக்கொண்டே போனீர்கள். ஓய்வுபெற்று ஊர் திரும்பியும் அந்தச் சிரிப்பு என்னை விட்டபாடில்லை.

இன்று என்னிடம் பதவியும் இல்லை, முத்திரையும் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்: இந்த அம்மாள் இந்த மலையில் பிறந்தவர், இந்த மலையில் உழைத்தவர், இந்த மலையிலேயே அடங்கியவர். இந்த ஊர்க்காரர். நேரில் விசாரித்து அறிந்தேன்.

நோக்கம்: சும்மா வைத்திருக்க.