முட்டைத் திருடன் என்ற பெயர்

அன்புள்ள மூத்தவளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் வலி தேவலாம், மாடிப்படி ஏறிவிடுகிறாள், இறங்கும்போதுதான் என்னைத் திட்டுகிறாள். நீ என் போனை எடுத்து நாலு மாதமாகிறது, அதனால்தான் கடிதம்.

அருங்காட்சியகத்தில் பெயர்ப்பலகை எழுதும் வேலை இன்னும் ஓடுகிறது. போன வாரம் டைனோசர் கூடத்தில் நான் எப்போதோ எழுதிய பலகை ஒன்றைத் திருத்தச் சொன்னார்கள். ஓவிராப்டர், அதாவது முட்டைத் திருடன். முதலில் அதன் எலும்பு ஒரு முட்டைக் குவியல் மேல் கிடைத்ததாம், வேறொரு டைனோசரின் முட்டையைத் திருட வந்தது என்று முடிவுகட்டிவிட்டார்கள். பெயர் வைத்தவரே இது தப்பாகவும் இருக்கலாம் என்று எழுதி வைத்தாராம், யார் கேட்டார்கள். எழுபது வருஷம் கழித்து அதே மாதிரி முட்டைக்குள் பார்த்தால் அந்த இனத்துக் குஞ்சேதான் இருந்ததாம். பாவம், தன் முட்டையைக் காத்துக் கிடந்திருக்கிறது.

இதை வீட்டில் சொல்லிச் சிரித்தேன். உன் தம்பி சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்தபடியே, அக்காவும் அன்னைக்கு என் டப்பால இருந்து எடுக்கலப்பா, வெச்சா என்றான். குடை கொடுக்க நான் உங்கள் பள்ளிக்கூடம் வந்த மத்தியானம் அவன் சாப்பாட்டு டப்பாவுக்குள் உன் கை இருந்ததே, அதைத்தான் சொல்கிறான். அவன் பஸ்ஸிலேயே எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடுவானாம், நீ உன் பங்கில் பாதியைக் கொடுப்பாயாம், தெரிந்தால் அவனுக்கு அடி விழும் என்று வாயே திறக்கவில்லையாம். நானோ அன்றைக்கு டப்பா திருடி என்று பெயர் வைத்து, போன தடவை நீங்கள் இங்கே வந்திருந்தபோது மாப்பிள்ளை எதிரிலும் அதையே சொல்லிக் கூப்பிட்டேன். நீ இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பியது ஏன் என்று இப்போதுதான் உறைக்கிறது. இத்தனை வருஷம் ஏன்டா சொல்லல என்று அவனைக் கேட்டேன். நீங்க யாரையும் கேக்கவே இல்லையேப்பா என்றான். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

விஞ்ஞானத்தில் முதலில் வைத்த பெயர் தப்பென்று தெரிந்தாலும் அதை மாற்றுவதில்லையாம், அதனால் பலகையின் அடியில் சின்ன எழுத்தில் விளக்கம் மட்டும் சேர்த்தேன். நம் வீட்டில் அந்த விதி கிடையாது. உறவுக்காரர் அத்தனை பேருக்கும் போன் போட்டு நடந்ததைச் சொல்லிவிட்டேன், உன் பெரியப்பாவுக்கு இரண்டு தடவை, அவருக்குக் காது மந்தம்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வேளைக்குச் சாப்பிடு, இருவரும் நூறு வயது நன்றாக இருங்கள். மாப்பிள்ளையிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை, அதை உன் எதிரில்தான் சொல்ல வேண்டும். உன்னை வா என்று கூப்பிட எனக்கு முகமில்லை. நீ சரி என்றால் நான் புறப்பட்டு வருகிறேன்.

கேட்காமலே தீர்ப்புச் சொன்ன,
உன் அப்பா