சுவர் வெளியே போக வேண்டுமா

1998 மே 2, சனி

காலையில் மழை. பத்து மணிக்கு விட்டது. கஞ்சி போட்ட சேலைகள் உள்ளேயே காய்கின்றன.

மகள் றீற்றா ஒஷாவா வண்டிக் கடையிலிருந்து விளக்கத்தாள்கள் கொண்டுவந்தாள். மருமகன் அன்ரனின் ட்றக் முதுகில் ஏற்றி வைக்கும் காம்பர். ஒரே அறைக்குள் அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாம். யூலையில் மூன்று கிழமை, ஹலிஃபக்ஸ் வரை. அக்காவைப் பார்க்க. அக்காவுக்கு எழுபத்தொன்பது. இடது கண் போய்விட்டது. வலது கண் அடுத்த வருடம் வரை நிற்குமோ என்று டொக்டருக்கே சந்தேகம். விமானத்தில் நான் ஏறுவதில்லை. இந்த நாட்டுக்கு வரும்போது ஏறியது போதும்.

இரண்டு வகை. ஒன்று சாதாரணம். மற்றதில் ஸ்லைட்-அவுட். வண்டியை நிறுத்திவிட்டுப் பொத்தானை அழுத்தினால் சாப்பாட்டு மேசையோடு பக்கச் சுவர் இரண்டடி வெளியே நகரும். உள்ளே அவ்வளவு இடம் கூடும். அடுத்த சனிக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

றீற்றா: "அம்மா, அவர் கேக்கச் சொன்னவர். உங்களுக்கு ஸ்லைட்-அவுட் வேணுமோ?"

அந்த "அவர்", மருமகன், அடுத்த கதிரையில்தான் இருந்தார்.

"அவருக்கு எது வசதியோ அதை எடுக்கச் சொல்லும் பிள்ளை."

"உங்களுக்கு எது வசதியோ அதுதானாம் அவருக்கும்."

"அப்ப அவர் சொல்லட்டும்."

"நல்ல ஆக்கள். எனக்குத் தபால்காரி சம்பளம் தாங்கோ ரெண்டு பேரும்."

ஐந்து வருடமாக ஒரே வீடு. நானும் மருமகனும் நேரே பேசுவதில்லை. கோபம் ஒன்றும் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் மாமியும் மருமகனும் அப்படித்தான். நான் வந்தால் எழுந்து நிற்பார். நான் படுத்திருக்க அவர் கண்டதில்லை. அவரை இடுப்பில் சுற்றும் சறத்தோடு நான் கண்டதில்லை.

ஒரே அறையில் மூன்று கிழமை. சேலை மாற்றுவது எங்கே? இதை மகளிடம்கூட எப்படிச் சொல்வது?

மே 4, திங்கள்

வெயில். காற்று.

விளக்கத்தாளில் ஓர் இடத்தில் அடி, இன்னோர் இடத்தில் மீற்றர். எழுதியவருக்குப் பத்துக்கு நான்குதான் போடுவேன்.

கராஜ் நிலத்தில் இரண்டையும் உண்மையான அளவில் சோக்கால் கீறினேன். முழங்கால் பிடித்துக்கொண்டது.

சாதாரணம்: மேசையை இறக்கினால் அதுவே என் கட்டில். ட்றக்கின் கூரைக்கு மேலே அவர்களுடையது. இடையில் ஒன்றரை அடி. அவர் இறங்கினால் கால் என் தலைமாட்டில்.

ஸ்லைட்-அவுட்: இடையில் மூன்றரை அடி. திரை தொங்கவிடலாம்.

இரண்டாவதில்தான் மனம்.

இரவுக்கு இடியப்பம், சொதி. உப்புக் கூடிவிட்டது. ஒருவரும் சொல்லவில்லை.

மே 6, புதன்

குளிர் திரும்பிவிட்டது. கம்பளிக் காலுறை.

ஸ்லைட்-அவுட் உள்ளது பாரம் அதிகமாம். மருமகன் அ., தன் ட்றக்கின் கதவில் ஒட்டியிருக்கும் பார அளவைப் பார்த்தாராம். தாங்காது. வேறு ட்றக் வேண்டும். அது அடுத்த வருடம்தான்.

"அம்மாவுக்கு அதுதான் வேணுமெண்டால் பொறுப்பம் எண்டு சொல்றார்," என்றாள் றீற்றா.

"நான் வேணுமெண்டு சொன்னனானோ?"

"சொல்லேல்லை. கராஜிலை திரைக்கும் சேத்துக் கோடு கீறியிருக்கிறீங்கள்."

போய்ப் பருப்பைக் கழுவினேன்.

பிற்பகல் அக்கா அழைத்தாள். "உன்ரை முகத்தை ஒருக்காப் பாத்திட்டனெண்டால் காணும். பிறகு இருட்டினாலும் பறவாயில்லை." அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

மே 7, வியாழன்

வெங்காயம் எடுக்கக் கராஜ் பக்கம் போனேன். கதவு பாதி திறந்திருந்தது.

அ. நிலத்தில் படுத்திருந்தார். வேலை உடுப்போடு, சாதாரணக் காம்பரின் மேல்கட்டில் கோட்டுக்குள், சவப்பெட்டியில் வைத்தவர் போல நேராக. என் கட்டில் கோடு இருந்த பக்கம் தலையைத் திருப்பினார். உடனே தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து, கையில் மடித்து வைத்திருந்த சறத்தைக் காற்சட்டைக்கு மேலே சுற்றி, என் தலைமாட்டைக் கடக்கும் ஒன்றரை அடியில் நுனிக்காலால் நடந்து பார்த்தார். இரண்டு தரம். சரிவராது என்பதுபோல் தலையை ஆட்டினார்.

வெங்காயம் எடுக்காமலே திரும்பிவிட்டேன்.

கூச்சம் எனக்கு மட்டும் என்று நினைத்தது பிழை.

மே 9, சனி

தெளிந்த வானம். ஒஷாவா.

றீற்றாவை வேலைக்கு அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்கள். ட்றக்கில் நாங்கள் இருவர் மட்டும். நான் செபமாலை சொன்னேன். அவர் வீதியைப் பார்த்தார்.

விற்பனையாளர் சிவந்த கன்னக்காரர். பொத்தானை அழுத்த, சுவர் முனகிக்கொண்டு வெளியே போனது. இது அம்மாவுக்கு வேண்டுமா என்று அ.விடம் கேட்டார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில், றீற்றா நிற்கக்கூடிய பக்கம் திரும்பிப் பார்த்தோம். ஒருவரும் இல்லை.

ஆகவே நானே கேட்டேன். "தம்பி, உங்களுக்கு உது வேணுமோ?"

தொப்பியைக் கழற்றினார். "மாமிக்குத்தான் வேணுமெண்டு நினைச்சன்."

"நான் உங்களுக்கெண்டு நினைச்சன்." முழு உண்மை அல்ல. பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் சொல்ல வேண்டும்.

தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "மாமி, நான் இரவிலை சறம்தான் கட்டுறனான்."

"வேறை என்ன, கோட்டுப் போட்டுக்கொண்டோ படுக்கிறது?"

சிரித்துவிட்டார். "மாமி படுத்திருக்கேக்கை நான் இறங்க வேண்டி வந்தால்?"

"செருமிப்போட்டு இறங்குங்கோ. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பன்."

"மாமி உடுப்பு மாத்தேக்கை?"

"வெளியிலை போய் ட்றக் ரயருக்குக் காத்து இருக்கோ எண்டு பாருங்கோ."

"எவ்வளவு நேரம்?"

"சேலை கட்ட இருபது நிமிசம்."

"நாலு ரயர்தானே மாமி இருக்கு."

விற்பனையாளர் ஒன்றும் விளங்காமல் பொத்தானில் விரலை வைத்தபடி நின்றார். எங்களுக்கு அது தேவையில்லை, சுவரை உள்ளே எடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

மே 17, ஞாயிறு

பூசை. வெயில். பக்கத்து வீட்டில் புல் வெட்டும் சத்தம்.

காம்பர் வாசலில் நிற்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூவரும் படுத்துப் பார்ப்பது என்று முடிவு. அவர்கள் மேலே ஏறினார்கள். நான் மேசைக் கட்டிலில், சேலை, மேற்சட்டை, காலுறை எல்லாம் அணிந்தபடி, சுவர்ப் பக்கம் திரும்பி. இந்த வயதில்.

மேலே செருமல். கண்ணை இறுக்க மூடினேன். இறங்கினார், தண்ணீர் குடித்தார், ஏறினார்.

"கடைசிப் படி கிறீச்சிடுது. எண்ணெய் விடுங்கோ," என்றேன் சுவரைப் பார்த்து.

"ஓம் மாமி."

"கடவுளே, எனக்கு வேலை போச்சு," என்றாள் றீற்றா மேலேயிருந்து.

கண் விழித்தபோது மூன்றரை. அறையின் பக்கம் திரும்பிக் கிடக்கிறேன். ஒரு காலில் காலுறை இல்லை. அ. வாசற்படியில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"மாமிக்கு நல்ல நித்திரை."

"பாத்தனீங்களோ?"

"ஓம்."

"சரி. யூலையிலையும் பாப்பீங்கள்தானே. ஒரு தேத்தண்ணி வையுங்கோ."

ஐந்து மணிக்கு அக்காவை அழைத்தேன். யூலை பதினொன்று, சனி, புறப்படுகிறோம் என்றேன். என்ன நிறச் சேலையில் வந்து இறங்குவாய் என்று கேட்டாள். தூரத்திலேயே தெரிய வேண்டுமாம். சிவப்பு என்று சொல்லிவிட்டேன். என் கணவர் போன நாளிலிருந்து சிவப்புச் சேலை ஒன்றும் என்னிடம் இல்லை. செவ்வாய், அஜின்கோர்ட் கடையில் பார்க்க வேண்டும்.