கொக்கியைச் சுற்றியிருந்த தாள்

எல்லாவற்றையும் நான் அன்றைக்கே சொன்னேன். வேலைக்குப் பெர்மிட் என்று ஒன்று வரும் என்றேன், வந்தது. வாங்கியவர்களுக்கும் அது நிலைக்காது என்றேன், நிலைக்கவில்லை. உன்னைப் பிடிப்பார்கள், பிறகு விடுவார்கள், பல வருஷம் கழித்துக் குடிமகனுக்கான நீல அடையாள அட்டை உன் கைக்கு வரும் என்றேன். அப்படியே நடந்தது. தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான் நான். ஆனாலும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் பூக்கடைக்கு வந்து யோசனை கேட்காத வக்கீல் கிடையாது. அப்பேர்ப்பட்ட எனக்கு, நேற்று உன் மகள் கொண்டுவந்து கொடுத்தது மட்டும் முன்னால் தெரியாமல் போய்விட்டது.

மல்லிகைக் கூடைகளுக்கு நடுவே திடீரென்று கோணிச் சாக்கு வாடை. நிமிர்ந்தால் உன் மகள். கையில் நீ மூட்டை தூக்கிய இரும்புக் கொக்கி, ஒரு பழுத்த தாளில் சுற்றியபடி.

"அப்பா பொட்டியில இருந்துச்சு அங்கிள். இது உங்களுக்குத்தான் சேரணும். அன்னிக்கு அவரு பக்கத்துல உக்காந்தவரு நீங்க ஒருத்தர்தானே."

பெருமையாகத் தலையாட்டிக்கொண்டே தாளைப் பிரித்தேன். கடைக்கு வந்தவர் முழம் எவ்வளவு என்று கேட்டார். எனக்கு விலை மறந்துபோயிற்று.

"என்ன அங்கிள், மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு? யார் எழுத்து அது?"

"யாரோ பெர்மிட் ஆபீஸ் கிராணி எழுதியிருப்பான் லா" என்றேன்.

உன் கருமக்கிரியையன்று பந்தலில் இருநூறு பேர் முன்னால், சரி, நாற்பது பேர் முன்னால், அந்தக் கதையை நான்தான் சொன்னேன். இருபது வருஷத்துக்கு மேலாகச் சொல்லிவரும் கதை. குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டைக்காரர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக் கூடாது என்று சட்டம் வந்த நேரம். நாம் இருவரும் போர்ட் கிள்ளான் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தோம். இருவரும் பிறந்தது கிள்ளான் பக்கத்துத் தோட்டத்து லயத்து வீடுகளில். மருத்துவச்சி கையில் பிறந்த பிள்ளைகளை அங்கே யார் போய்ப் பதிந்தார்கள்? பிறந்ததற்குத் தாள் இல்லை, அதனால் அட்டை சிவப்பு. பெர்மிட்டுக்குக் கிள்ளானில் நின்ற வரிசை, தெரு மூலை திரும்பி அடுத்த தெருவுக்கும் போனது.

நீயும் வரிசையில் நின்றாய். உன் முறை வந்தபோது, பிறந்த நாடு என்ற கட்டத்தைக் கிராணி விரலால் தட்டினார்.

"சூராட் பெரானாக் இல்லல்ல? பொறந்த பத்திரம் இல்லேன்னா இந்தியான்னு எழுது. எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க."

"நான் இந்தியாவ பாத்ததே இல்ல, கிராணி."

"அதுக்கு யாருய்யா உன்னப் போகச் சொன்னா? எழுத்துதானே."

நீ தாளை வாங்காமல் வெளியே வந்துவிட்டாய். நான் பின்னால் ஓடி வந்து, சட்டத்தை எதிர்க்க நாம் யாருடா என்று சத்தம் போட்டேன். நீ நிதானமாக வெற்றிலை மடித்தாய். "சட்டத்த மீறணும்னு எனக்கு ஆசயாடா? பொய் சொன்னாத்தான் சோறுன்னு ஒரு சட்டம் சொல்லுது. அத நான் எப்படிக் கேக்கறது?"

மறுநாள் கொக்கியோடு கிடங்கு வாசலில் நின்றாய். கூலிகளுக்கு மேஸ்திரியான மண்டோர் கையை விரித்துக்கொண்டு வந்தார். "பெர்மிட் இல்லாம உள்ள வராத லா. என் வேலையும் போயிரும்."

"கூலி வேணாம் மண்டோர். நீங்க என்ன வேலைக்கு வைக்கல, நானாத்தான் தூக்கறேன். அது குத்தம்னா பிடிக்கச் சொல்லுங்க."

மூன்று நாள் சும்மா தூக்கினாய். யாரையும் திட்டவில்லை, யார் வழியையும் மறிக்கவில்லை. மூன்றாம் நாள் இரண்டு லோரி நிறையப் போலீஸ் வந்தது. நீ செய்த முதல் காரியம், கொக்கியின் கூர் முனையை உன் பக்கம் திருப்பி, கைப்பிடியை மண்டோரிடம் நீட்டியது. அது ஆயுதம் என்று நாளைக்கு ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. பிறகு ஓர் அரிசி மூட்டையில் உட்கார்ந்துகொண்டாய். தூக்கிக்கொண்டுதான் போனார்கள். பன்னிரண்டு நாள் லாக்கப். வெளியே வந்தபோது மண்டோர் கொக்கியைத் திருப்பித் தந்தார், வேலை தரவில்லை. கிள்ளான் பாசார் சந்தையில் காய்கறி வண்டி தள்ளியே பிள்ளைகளை ஆளாக்கினாய்.

அடுத்த மூட்டையில் நான் உட்கார்ந்தேன் என்பதுதான் என் கதை. என்னைத் தூக்க ஐந்து பேர் தேவைப்பட்டார்கள் என்பேன். உன் எதிரிலேயே சொல்வேன். நீ டீயை ஆற்றிக்கொண்டே, "சொல்லுடா, கேக்க நல்லாருக்கு" என்பாய். ஒரு தடவை உன் மனைவி, "நெசமாவா?" என்று கேட்டார். நீ சிரித்தாய். பிறகு வாசலில் என்னிடம் மட்டும் சொன்னாய்: "உன் பொய்யி யாரையும் நாட்டவிட்டு அனுப்பாதுடா. வச்சுக்க."

அன்று அந்தச் சொல் எனக்குச் சுடவில்லை. நேற்றுக் கடையில் சுட்டது.

அந்தத் தாளில் இருந்தது உன் பெயர். பிறந்த நாடு என்ற கட்டத்தில் இந்தியா என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்தது. இரண்டாவது எழுத்தான N கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி நின்றது. அந்த எழுத்தை இன்று வரை அப்படித் திருப்பிப் போடுகிற ஆள், எனக்குத் தெரிந்து கிள்ளான் முதல் ரவாங் வரை ஒருவன்தான். என் கடைப் பலகையைப் பார்த்தாலே தெரியும். கீழே பெருவிரல் ரேகைக்கான கட்டம் வெறுமையாக இருந்தது.

நீ மூட்டையில் உட்கார்ந்த காலையில் நான் கிள்ளானில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு ஒன்று, உனக்கு ஒன்று என இரண்டு தாள் வாங்கினேன். இரண்டிலும் நானே எழுதினேன். உனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். லாக்கப் கம்பி வழியே நீட்டி, "விரல மட்டும் வையிடா, இன்னிக்கே விட்டுருவாங்க" என்றேன். நீ முழுதும் படித்தாய். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தாய். "எழுத்து அழகா இருக்குடா" என்றாய். அன்றே கிழித்துப் போட்டிருப்பாய் என்றுதான் இத்தனை வருஷமும் நிம்மதியாக இருந்தேன்.

கிழிக்கவுமில்லை, காட்டவுமில்லை. உன் கொக்கியோடு சேர்த்து வைத்திருந்தாய்.

பக்கத்தில் உட்கார்ந்தவன் என்று நம்பித்தான் உன் மகள் இதைக் கொடுத்தாள். நாளைக் காலைக் கம்யூட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போகிறேன். கொக்கியைக் கைப்பிடிப் பக்கமாக அவளிடம் நீட்டி, அந்த எழுத்து யாருடையது என்று சொல்லப் போகிறேன். அதற்குப் பிறகும் எனக்கே கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். கொடுக்காவிட்டால், நீ மடித்த மடிப்போடு அந்தத் தாளை மட்டும் கேட்பேன்.

லோரி இரண்டுதான் வந்தது. அதில் ஒன்றையும் குறைக்க மாட்டேன். ஆனால் உன் பக்கத்து மூட்டையில் யாரும் உட்காரவில்லை. நீ தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாய்.