அந்த அம்மா பாடியது ஐந்து கட்டையில்தான்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித் தொடங்குகிறேன். வழக்கமாக அப்பா எழுதி முடித்து ஓரத்தில் எனக்கு இரண்டு வரி இடம் விடுவார், இந்தக் கடிதம் முழுக்க என்னுடையது, அவருக்குத் தெரியாது. குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன், பயம்தான், ஆனால் அதைவிடச் சந்தோஷம் அதிகம். அக்கா, உன் தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை! வெள்ளிக்கிழமைத் தேர்வுக் கச்சேரியிலிருந்து பெயரை எடுத்துவிடாதே.

கடைசிச் சரணத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறது, பாட்டு எனக்கு வராது, ஊருக்கு வந்து அப்பா கடையில் கடிகாரத்துக்குப் பட்டை மாட்டுகிறேன் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதைப் படித்துவிட்டு அப்பா, அந்த அம்மாவுக்கு மட்டும் எப்படி வருதாம், இவளுக்குச் சாதகம் பத்தலை என்று அந்தப் பாடகி அம்மாவின் கச்சேரி உள்ள நம் கேசட்டைத்தான் மறுபடி போட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. அதே பாட்டை வேறு யாராவது சுலபமாகப் பாடியிருக்கிறார்களா என்று நூலகத்தின் இசை அறைக்குப் போனேன். அங்கே அதே அம்மாவின் அதே கச்சேரி இசைத்தட்டாக இருந்தது! கேட்டால் குரல் தாழ்ந்து, அவ்வளவு நிதானமாக வருகிறது. உங்க மெஷின் மெதுவா ஓடுது என்று நூலகர் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வாடி பெரிய மெக்கானிக்கு, வேற தட்டு போடறேன் கேளு என்றார், மற்றதெல்லாம் சரியாகத்தான் ஓடியது.

மறுநாள் நம் கேசட்டைச் சாப்பாட்டு டப்பாவில் ஒளித்து எடுத்துப் போனேன், மதியம் பட்டினி. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டோம். இரண்டாவது சரணத்துக்கு முன் ஒருவர் இருமுவார், ஞாபகம் இருக்கிறதா? தட்டில் அது ஒரு பெரியவரின் இருமல், நம் கேசட்டில் கோழிக்குஞ்சு! நூலகர் அம்மா சுருதிப்பெட்டியை வைத்துப் பார்த்தார். தட்டில் தொடக்கம் முதல் முடிவு வரை ஐந்து கட்டை. நம் கேசட்டில் தொடக்கம் ஐந்தரை, ஏறிக்கொண்டே போய்க் கடைசிச் சரணத்தில் ஆறு, அப்பா உனக்கு வைத்த அதே ஆறு. தம்பூராவும் சேர்ந்தே ஏறுவதால் நம் யாருக்கும் தெரியவில்லை. அந்த அம்மாவே பாடாத சுருதியில் நீ இரண்டு வருஷமாகப் பாடியிருக்கிறாய்!

உன்னிடம் இருக்கும் அந்த கேசட்டின் நகலை இனித் தொடாதே. அந்தத் தட்டு உங்கள் இசைக் கல்லூரியிலும் இருக்கும், அதை முதலில் கேள். பிறகு அட்டைப் படத்தில் கண்ணாடி போட்ட ஒரு தாத்தா இதே பாட்டைப் பாடிய தட்டு இருக்கிறது, குரல் கரகரப்புதான், ஆனால் எங்கே மூச்சு வாங்குகிறார் என்பது தெளிவாகக் கேட்கிறது, கடைசிச் சரணத்தை அவரிடம் கற்றுக்கொள். புதிதாக ஒருவர் பாடியதையும் கேட்டேன், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி பாடுகிறார், வேண்டாம்.

இவ்வளவு எழுதும்போது கதவு திறந்தது, உயிரே போய்விட்டது, நல்லவேளை அம்மா. எல்லாவற்றையும் சொன்னேன். ரேடியோவுல அந்தக் கச்சேரி வந்தன்னிக்கு கரண்ட் இல்லடி, டார்ச்லேர்ந்து பழைய பேட்டரியை எடுத்துப் போட்டுத்தான் பதிஞ்சாரு, பாட்டு முடியறதுக்கும் மெஷின் நின்னு போறதுக்கும் சரியா இருந்துது என்றாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பேட்டரி தீரத் தீர மெஷின் சோர்ந்து மெதுவாகப் பதிந்திருக்கிறது, அதைச் சரியான வேகத்தில் போட்டால் பாட்டு வேகமாக, சுருதி ஏறி ஓடுகிறது.

காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் இதைத் தபாலில் சேர்த்துவிடுவேன், புதன்கிழமை கிடைத்துவிடும். சாயங்காலம் அப்பாவை நூலகத்துக்கு அழைத்துப் போய் இரண்டையும் கேட்க வைக்கப் போகிறேன். கேசட் அலமாரியைத் தொட்டதற்கே என்ன செய்வாரோ தெரியாது, உன்னை அவ்வளவு திட்டிய மனுஷர் இதை எப்படித் தாங்குவார் என்பதுதான் அதைவிடப் பயம். நான் பார்த்துக்கறேன், அவளைப் பாடச் சொல்லு என்கிறாள் அம்மா.

ஆசி சொல்ல எனக்கு வயதில்லை, அம்மாவுடையதை எழுதுகிறேன், நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டுமாம், தொண்டைக்கு வெந்நீர் குடிக்க வேண்டுமாம். என் பங்குக்கு ஒன்றுதான், வெள்ளிக்கிழமை மேடையில் உட்கார்ந்ததும் சுருதியை நீயே வைத்துக்கொள், யாரிடமும் கேட்காதே.

உன் அன்புத் தங்கை