டீயோடு விழுங்கிய இரும்பு

மார்ச் 3, செவ்வாய்

வீட்டுக் கணக்கை எழுதி மூடிவிட்டுத்தான் இந்த டைரியை எடுத்தேன்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏழு. போன மாதமும் ஏழுதான். "பத்துக்காச்சும் வரணும்மா. அதுவரைக்கும் கர்ப்பப்பைக் கட்டியில நான் கை வைக்க மாட்டேன். இரும்பு மாத்திரையை ஒழுங்காப் போடறீங்களா?"

போடுகிறேன். ஒரு வேளைகூட விட்டதில்லை. அப்படியானால் எங்கே போகிறது? உதிரப்போக்கில் போவது தெரிகிறது. உள்ளே வருவதுதான் தெரியவில்லை. நோட்டில் வரவு இருக்கிறது, பெட்டியைத் திறந்தால் காலி. இப்படி ஒரு கணக்கை நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 6, வெள்ளி

விரதம். நாள் முழுக்க வெறும் டீ, அதோடு மாத்திரை. ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்வரை வெள்ளிதோறும் பட்டினி என்று வேண்டுதல். மாடிப்படியில் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 9, திங்கள்

மகளுக்கு வேதியியல் தேர்வு வருகிறது. வழக்கம்போல் நான் புத்தகத்தைப் பிடித்துக்கொள்ள, அவள் ஒப்பித்தாள். ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம். எட்டாவதோடு நின்றவள் நான். ஆனாலும் அவள் புத்தகங்களை எல்லாம் அடுப்படியில் வைத்துப் படித்துவிடுவேன். இந்தப் பாடம் ரொம்பப் பிடித்துவிட்டது. எலக்ட்ரானை இழந்தால் ஆக்சிஜனேற்றம், பெற்றுக்கொண்டால் ஒடுக்கம். கொடுக்க ஒன்று இருந்தால் வாங்க ஒன்று இருந்தே ஆகவேண்டும். அங்கே போனது எத்தனையோ இங்கே வந்ததும் அத்தனை. நடுவில் எதுவும் தொலையாது.

"என் கணக்கு நோட்டு மாதிரியே இருக்குடி" என்றேன்.

"உன் அளவுக்கு எலக்ட்ரான்கூட கறாரா இருக்காதும்மா."

புத்தகத்தில் இரும்புக்கு இரண்டு நிலை போட்டிருக்கிறது. இரண்டு எலக்ட்ரான் இழந்தது, மூன்று இழந்தது. என் மாத்திரை எது என்று கேட்டேன். அட்டையைப் பார்த்துவிட்டு, இரண்டு என்றாள். பிறகு, "எதோட போடற?"

"டீயோடதான். தண்ணியில போட்டா குமட்டுது."

அவள் முகம் மாறிவிட்டது.

மார்ச் 10, செவ்வாய்

காலையில் ஒரு மாத்திரையை நுணுக்கிப் பால் ஊற்றாத டீயில் போட்டாள் மகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. டீ இல்லை, பேனா மை.

டீயின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளுமாம். காற்றுப் பட்டால் இரும்பு இன்னும் ஒரு எலக்ட்ரானை விட்டுவிட்டு மூன்றாம் நிலைக்குப் போய்விடும். அதைக் குடல் சரியாக எடுத்துக்கொள்ளாது. எலுமிச்சையைப் பிழிந்தாள். கருமை மெல்லக் கலைந்தது. புளிப்பும் ஒரு காரணமாம். பழத்தில் உள்ள வைட்டமின் தன் எலக்ட்ரானைக் கொடுத்து இரும்பை மறுபடி இரண்டுக்குக் கொண்டுவருவதும் ஒரு காரணமாம்.

இத்தனை மாதமும் மையைத்தான் குடித்தேனா?

"டீயை விட்டுடறேன்" என்றேன்.

"சரி, வெள்ளிக்கிழமை? அன்னிக்கு டீதானே சாப்பாடு. ஒருநாள் முழுக்கப் பட்டினி கிடந்தா ரத்தம் எங்கேர்ந்தும்மா வரும்?"

வேண்டுதல் என்றேன். டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீ செத்துப்போயிட்டா அந்த வேண்டுதலை யாரு முடிக்கறது? நானா?"

டம்ளரை வாங்கிக் கழுவப் போட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

இவர் மத்தியானம் வேனை வாசலில் நிறுத்திவிட்டு வந்தார். மகள் சொல்லியிருக்கிறாள். தட்டை அவரே போட்டார், குழம்பைத் தரையிலும் கொஞ்சம் ஊற்றினார்.

"நான் வாக்குக் குடுத்திருக்கேன்ங்க."

"சாமி என்ன வட்டிக் கடையா வச்சிருக்காரு? நான் பேசிக்கறேன். நீ சாப்பிடு."

சிரிப்பு வரவில்லை. கை எழவில்லை. இந்த வீட்டில் யாராவது எனக்குப் பரிமாறி எத்தனை காலம் ஆச்சு? வாங்கிக்கத் தெரியல எனக்கு. முதல் வாயை எடுத்து வச்சேன். அழுதுட்டேன்.

தப்பா பண்ணிட்டேனா சாமி — நீதாம்பா சொல்லணும். நீ ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற.

மார்ச் 20, வெள்ளி

சாப்பிட்டேன். மாத்திரை, எலுமிச்சைத் தண்ணீரோடு. பயம் போகவில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

ரத்தம் எட்டரை. டாக்டரம்மா மருந்தை மாற்றினீர்களா என்று கேட்டார். டீயை விட்டேன் என்றேன். விரதத்தைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

மே 12, செவ்வாய்

பத்து. வெள்ளி 22 என்று நாள் குறித்துவிட்டார்கள். சாமி முன்னால் போய் நின்றேன். வேண்டுதலை முடித்தேன் என்று சொல்ல முடியவில்லை. சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

மே 21, வியாழன்

பை கட்டியாகிவிட்டது. கணக்கு நோட்டை இவரிடம் கொடுத்தேன். "வீட்டுக்குப் பால் எத்தனை பாக்கெட்?" என்று கேட்கிறார். இத்தனை வருஷமாகக் குடிக்கிற மனிதர்.

ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் செய்தாள். இன்று ராத்திரிச் சாப்பாட்டோடு சரி. நாளை ஆபரேஷன் முடியும்வரை வாயில் எதுவும் படக்கூடாதாம். தெரியாமல்கூடச் சாப்பிட்டுவிடாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னாள். போனை வைத்துவிட்டு நான் சிரித்ததைப் பார்த்து மகள் பயந்தே போனாள்.

"என்னம்மா ஆச்சு?"

"நாளைக்கு வெள்ளிக்கிழமைடி."