ஓர் ஓலையில் இரு பெயர்

மழை வழுவாது, மடை வறளாது, குடி குன்றாது நிலைபெறுக ஏழூற்று மண்டலம். அம்மண்டலத்து வேங்கைநகர்ப் பேரவையில் உழவர் அணியின் முதல்வராய் வீற்றிருக்கும் மாசாத்தியாருக்கும், அவரோடு அமர்ந்த மூத்தோர் பதினொருவருக்கும், தென்கூற்றத் தலைவி நல்லமங்கையார் பணித்தருள, அவர்தம் ஓலைநாயகம் காரி எழுதும் விடையோலை. தங்கள் நலமும் தங்கள் கரையோரத்து விளைச்சல் நலமும் தலைவியார் உசாவுகின்றார். இங்கு யாவரும் நலமே என்று அடுத்து எழுதுவது மரபு. அவ்வரி வேண்டா என்றார் தலைவியார், ஆகவே எழுதவில்லை.

ஆவணி வளர்பிறைப் பன்னிரண்டாம் நாள் தாங்கள் விடுத்த திருமுகமும், அதனோடு வந்த பட்டும் வெற்றிலைத் தட்டும் பழுதின்றி வந்து சேர்ந்தன. உட்குடத்தில் நம் அணியார் ஓலையிட்டதில் வடகூற்றத் தலைவர் வீரட்டனார் நான்கு கூற்றங்களையும் நல்லமங்கையார் மூன்றையும் பெற்றனர் என்றும், ஆகவே ஐப்பசியில் அரசரைத் தேரும் பெருங்குடத்துக்கு நம் அணியின் பெயராய் வீரட்டனார் பெயரே செல்லும் என்றும் அதில் எழுதியிருந்தீர்கள். அவர் பெயரின் கீழ் அதே ஓலையில் நல்லமங்கையார் பெயரையும் பொறித்து, அவரைத் துணையரசி ஆக்கினால் பிளந்த அணி ஒட்டிக்கொள்ளும் என்றும் எழுதியிருந்தீர்கள். ஒட்டாவிடில் கோட்டை அணியின் அதியரையன் அரியணை ஏறுவான். ஏழு கூற்றத்து மடைத் திறவுகோல்களும் அவன் இடுப்புக்குப் போய்விடும் என்று அச்சமும் ஊட்டியிருந்தீர்கள். அச்சம் மெய்யானதே. அதைத் தலைவியார் மறுக்கவில்லை.

ஆயினும் திருமுகத்தின் கடைசி ஓலையில், ஓரமாய், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் ஒன்று பொறித்திருந்தீர்கள். ஓர் ஓலையில் இரு பெயர் ஏறுமுன் சொல்லழிப்புச் செய்தல் வேண்டும். அது வெறும் சடங்கு. அரை நாழிகை வேலை என்று. பெருஞ்செய்தியைச் சிற்றெழுத்தில் எழுதுவது எந்த ஊர் மரபு என்று ஓலை எழுதியே விரல் காய்த்த இக்காரிக்குத் தெரியவில்லை.

சொல்லழிப்பு இன்னதென்று அவைக்கு நினைவூட்டுவது மிகையெனினும், மறந்தவர்போல் எழுதியிருப்பதால் சொல்ல நேர்கிறது. உட்குடப் போட்டியில் ஒருவர்மேல் ஒருவர் அவையறியச் சுமத்திய குற்றங்களை, இருவரும் ஆற்றுநீரில் கைவைத்து, யான் சொன்னது பொய் என்று மும்முறை கூறி அழித்தல் வேண்டும். அழிந்த குற்றத்துக்குச் சாட்சி சொன்னவன் பொய்ச்சாட்சி ஆவான். பொய்ச்சாட்சிக்கு ஏழு கூற்றத்திலும் இருக்க இடமில்லை. ஆற்றெல்லை தாண்டிப் போய்விட வேண்டும்.

வீரட்டனார் தலைவியார்மேல் சுமத்தியது என்ன? கணவனை இழந்தவள் கால் பட்டால் அரியணை விளங்காது என்பது. அதை அழிக்க அவர் நாளை வேண்டாம், இன்றே வருவதாகச் சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பினாராம். சிரிக்கட்டும். பொய்யை விழுங்குகிறவருக்குத் தொண்டையில் என்ன முள் குத்தப்போகிறது?

தலைவியார் அவர்மேல் சுமத்தியது வேறு. மூன்றாண்டுக்கு முந்தைய ஐப்பசி வெள்ளத்தில், பெரிய ஏரி ததும்பி நின்றபோது, தம் உறவினரின் கரும்புக் கொல்லைகளைக் காக்கவேண்டி, பட்டப்பகலில், பறை அறையாமல் மேற்கு மடையைத் திறப்பித்தார் வீரட்டனார் என்பது. மடை திறக்குமுன் மூன்று முறை பறை அறைந்து, கீழே உள்ளோர் மேடேறும்வரை பொறுத்திருப்பது நம் மண்டலத்தில் பச்சைப் பிள்ளையும் அறிந்த முறை. பறை மடைமேட்டில்தான் தொங்கியது. பொறுக்க நேரமில்லை என்றார். மடைக்காவலன் குன்றன் குறுக்கே விழுந்து தடுத்தான். அவனைத் தூக்கி எறிந்துவிட்டுத் திறந்தார்கள். கீழே நாணற்குடியில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்களும், வரப்பில் கிடத்தியிருந்த பிள்ளைகளுமாக அறுபத்தொரு பேர் போனார்கள். குன்றனின் மனைவி வள்ளியும் அந்த வயலில்தான் நின்றாள். மேட்டிலிருந்து அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

இதற்கு ஒரே சாட்சி குன்றன். மற்றவர் வாயெல்லாம் கரும்புச்சாறு ஒட்டிக்கொண்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கேள்விப்பட்டதுண்டு. ஓர் ஊரையே சேற்றில் மறைத்த கைகளைத்தான் இப்போது ஓர் ஓலையில் பற்றிக்கொள்ளச் சொல்கிறீர்கள்.

இனி, தலைவியார் எழுதக் கூசியும் எழுதப் பணித்தது. திருமுகம் வந்த அன்று அவர் சினக்கவில்லை. இசைந்தார். ஆம், மூத்தோரே, ஒரு பகல் முழுதும் இசைந்தே இருந்தார். அதியரையன் வென்றால் அவையும் இராது, குடமும் இராது, குற்றம் சொல்ல நாவும் இராது; ஒருவனை ஊரைவிட்டு அனுப்பி ஏழு கூற்றத்தைக் காப்பதென்றால் அது அரசு செய்வோர் தலையில் விழும் பழி, சுமந்துதான் ஆகவேண்டும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். துணையரசி என்னும் பெயர் காதுக்கு இனிக்கத்தான் செய்தது என்பதையும் மறையாமல் எழுதச் சொன்னார். இசைவோலை எழுத இக்காரி எழுத்தாணியும் எடுத்தாயிற்று.

அதன்முன் குன்றனை அழைத்துத் தாமே சொல்லிவிடுவது முறை என்று எண்ணி அழைப்பித்தார். வந்தான். நின்றபடியே கேட்டான். அழுது புரளுவான், மண்ணை வாரித் தூற்றுவான் என்று நாங்கள் எதிர்பார்த்திருக்க, அவன் தலையசைத்தான். மடைத் திறவுகோல் கோட்டைக்குப் போனால் எல்லா ஊரும் நாணற்குடி ஆகிவிடும், ஆகவே நீரில் கை வைத்துவிடுங்கள் தாயே, நான் அக்கரைக்குப் போய்விடுகிறேன் என்றான். அவன் ஓர் ஐயம் மட்டும் கேட்டான். நாணற்குடி மேட்டில் ஊரார் நட்ட கல்லில், மடை திறந்து மாண்டார் அறுபத்தொருவர் என்று வெட்டியிருக்கிறதே, சொல்லழிப்பு ஆனபின் அந்தக் கல் பொய் சொல்வதாகிவிடுமே, அதை மழையால் மாண்டார் என்று திருத்த வேண்டுமா என்று கேட்டான். திருத்த வேண்டுமென்றால், போகுமுன் தானே உளி பிடித்துத் திருத்திவிடுவதாகவும், வேறெவரும் வள்ளியின் பெயருக்குப் பக்கத்தில் உளி வைப்பதை மனம் ஒப்பவில்லை என்றும் சொன்னான்.

அதில் குத்தலில்லை, மூத்தோரே. செய்யவேண்டிய வேலையை ஒழுங்காய்ச் செய்துவிட்டுப் போக விரும்புகிறவன் கேட்கும் கேள்வி அது. தலைவியார் எழுந்து உள்ளே போனார். மறுநாள் காலை வெளியே வந்தபோது முகம் வீங்கியிருந்தது. இசைவோலைக்கு எடுத்துவைத்த ஏட்டிலேயே இதை எழுதச் சொன்னார்.

ஆகவே தென்கூற்றத் தலைவியின் துணிபு இது. வீரட்டனார் பெயர் பொறித்த ஓலையில் தலைவியார் பெயர் ஏறாது. துணையரசு இருக்கையைத் தாங்கள் விரும்பியவருக்குக் கொடுங்கள். வேண்டுவோர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதை அறிவோம். ஒற்றுமை என்று தாங்கள் எழுதியதைத் தலைவியார் பழிக்கவில்லை. ஆனால் ஒற்றுமைக்கு விலையாக எப்போதும் குன்றன்களையே கேட்கிறீர்களே, வீரட்டனாரிடம் ஒன்றும் கேட்கக் காணோமே என்பதுதான் அவர் நெஞ்சில் எரிகிறது. மெய்யை ஒப்புக்கொள் என்று அவருக்கு ஓர் ஓலை எழுத அவையில் ஓர் எழுத்தாணிகூடவா இல்லாமல் போயிற்று?

இதனால் அணி கெட்டது, பெண்பிள்ளையின் பிடிவாதத்தால் நாடு கெட்டது என்று நாளை பேசுவீர்கள். அப்பேச்சுக்கும் இடம் வைக்கவில்லை. மூன்று கூற்றத்து ஊர்த்தலைவர்க்கும் இன்றே ஆணை போகிறது: ஐப்பசியில் ஒவ்வொரு குடியும் பெருங்குடத்தில் வீரட்டனார் பெயரையே இடுக. அதியரையனிடம் மடைகள் போகலாகாது. அதன்பொருட்டு மட்டுமே இடுக. வீரட்டனார் நல்லவர் என்று எவரும் எவரிடமும் சொல்லவேண்டிய கடமை இல்லை. தலைவியாரும் வேங்கைநகர் வந்து, அவையின் நடுவே நின்று, அவர் பெயரைத் தம் கையாலேயே பொறித்துக் குடத்தில் இடுவார். மூத்தோர் பன்னிருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

தலைவியார் சுமத்திய குற்றம் அழியாது. வீரட்டனார் அரசரானாலும் அழியாது. குன்றன் மேற்கு மடையிலேயே காவலிருப்பான். அவன்மேல் கைவைப்பவர் தென்கூற்றத்தின்மேல் கைவைத்தவர் ஆவார். நாணற்குடிக் கல்லில் ஓர் எழுத்தும் மாறாது.

பட்டைத் திருப்பி அனுப்பியுள்ளோம். வெற்றிலை வாடிவிட்டது, பொறுத்தருள்க.

ஏழூற்றின் நீர் சாட்சியாக, தென்கூற்றத்து இரட்டைக் கதிர் இலச்சினை இதன்மேல் பதிந்தது. பதித்த கை நல்லமங்கையார் கை. எழுதிய கை காரியின் கை. இவ்வோலையைப் பேரவையில் வீரட்டனார் செவிகேட்க முதல்வர் தாமே வாசிக்க. மேற்சொன்ன ஆணைக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு, அதையும் உரக்க வாசிக்க: நாணற்குடியில் எஞ்சிய பதினான்கு குடியும் எவர் பெயரையும் இடவேண்டியதில்லை. அன்று அவர்கள் வயலுக்குப் போகட்டும். ஏன் வரவில்லை என்று அவர்களை எவரும் கேட்கலாகாது.